கோழிக்கூட்டில் விரித்த மெழுகுசீலை

இன்று காலை சாரல் விட்டதும் கொல்லைப்பக்கம் போனேன். யார் வீட்டுக் கோழிக்கூட்டிலிருந்தோ ஈர வைக்கோல் மக்கிய வாடை வந்தது. மூக்கைப் பொத்தாமல் அப்படியே நின்றுவிட்டேன். உன் நினைவு வந்துவிட்டது. உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. உன் அண்ணனுக்குக் கடிதம் என்றால் நீ சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். இதை உனக்கே எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே வருஷம் காமயகவுண்டன்பட்டிக்கு வாழ வந்தவர்கள். அடுத்தடுத்த வீடு, நடுவே சுவரில்லாத ஒரே கொல்லை. அதில் மண்சுவர் எழுப்பி ஓலை போட்ட கோழிக்கூடு ஒன்று. கோழிகள் உன்னுடையவை. நான் தவிடு போடுவேன், குஞ்சு பொரித்தால் எனக்கும் இரண்டு தருவாய்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம், அரிசிக்கே அல்லாடிய வருஷம். உன் மகனுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளை எழவில்லை. வயிறு தள்ளி, கைகால் குச்சியாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். கம்பத்து வைத்தியர், "தெனமும் ஒரு முட்டை குடு தாயி, பிள்ள தேறிருவான்" என்றார். அன்றிலிருந்து முட்டையை நீ வேறு யார் வாயிலும் வைக்க விடவில்லை. உனக்கும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆடியில்தான் சாரல் விடாமல் பிடித்தது. கூட்டின் மண்தரை ஊறி, எச்சமும் சேறும் ஒன்றாகிப்போனது. வெடிப்பெல்லாம் செல்லு. கோழியின் ரத்தத்தைக் குடிக்கும் அந்தப் பொடிப்பூச்சி வீட்டுக்குள்ளும் ஏறியது. ஒரு பெட்டை செத்தது. மற்றவை முட்டையிடுவதை நிறுத்தின. உன் மகன் உடம்பெல்லாம் தடிப்பு. உன் மாமனார் கூட்டின் முன்னால் நின்று, "வெள்ளிக்கெழமைக்குள்ள அம்புட்டையும் அறுத்துப்புடுங்க. நோவுல கெடக்குற பிள்ள மேல செல்லு ஊருது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் செல்லுக்குப் பயந்ததும் பிள்ளைக்காக, நீ முட்டை வேண்டும் என்றதும் பிள்ளைக்காக.

"மாமா சொல்லிட்டாக, ஏத்தா. கோழி இருக்கணும்னா இந்தத் தரைய மாத்தணும்" என்று நீ சேலையை இழுத்துச் செருகினாய்.

வைக்கோலை அள்ளி எறிந்துவிட்டு ஆற்றுமணல் கொட்டினோம். அடியிலிருந்து ஈரம் ஏறி மணலும் கட்டிதட்டியது. சீமெண்ணெய்த் தகரத்தைப் பிரித்து விரித்தோம். அதன் விளிம்பு சேவலின் காலைக் கிழித்தது. கல் பாவலாம் என்றேன்.

"கல்லு நல்லதுதான். ரெண்டு கல்லுக்கு நடுவுல செல்லு குடியிருக்குமே, அத எப்படிக் கழுவுறது?" என்றாய்.

இடுக்கும் இருக்கக்கூடாது, ஈரமும் ஏறக்கூடாது, எடுத்துக் கழுவவும் வேண்டும். அப்படி ஒன்றுக்கு எங்கே போவது என்று நான் சலித்துப்போனேன்.

புதன்கிழமை என் வீட்டுக்காரர் குமுளியிலிருந்து மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். ஏலக்காய் மூடைகளின் மேல் நீலப்பூப் போட்ட தடித்த விரிப்பு ஒன்று கிடந்தது. மேலே வழவழப்பு, அடியில் சாக்குத்துணி. நீ விரலால் தடவிப் பார்த்தாய்.

"அண்ணே, இது என்னதுண்ணே?"

"மெழுகுசீல. தோட்டத்துப் பங்களாவுல தரைக்கு விரிச்சிருந்தாக. புதுசு போட்டுட்டு இதத் தூக்கி எறிஞ்சுட்டாக. மடிச்சா வெடிச்சிரும், சுருட்டத்தான் செய்யணும்."

செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றி முந்தானையால் ஒரு இழுப்பு இழுத்தாய். தண்ணீர் நின்ற தடம்கூட இல்லை.

"இத எனக்குக் குடுங்கண்ணே" என்று ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாய்.

"நல்லாருக்குத்தா ஒன் கத. ஏலக்கா நனைஞ்சா மொதலாளிக்கு நானுல்ல பதில் சொல்லணும்?"

"கூட்டு அகலத்துக்குக் குடுத்தாப் போதும். எம்பிள்ளைக்குண்ணே."

அவர் சாப்பிடப் போய்விட்டார். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். கைகழுவி வந்தவர் ஒரு குச்சியால் கூட்டை அளந்து, அரிவாளை எடுத்து அவரே அறுத்துக் கொடுத்தார்.

மறுநாள் முழுக்க வேலை. பழைய மண்ணைச் சுரண்டி எடுத்தோம். வேப்பிலைப் புகை போட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கழிவு அடியில் இறங்காதபடி, சீலையின் ஓரம் நாலு பக்கமும் ஒரு சாண் சுவரில் ஏறும்படி விரித்தாய். கோழிகளை விட்டதும் ஒவ்வொன்றாகச் சறுக்கி விழுந்தன. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

"சிரிக்காதத்தா. குஞ்சுக்குக் கால் விரிஞ்சு வெளங்காமப் போயிரும்" என்று நீ பதறி ஓடி, ஒரு முறம் உமி கொண்டுவந்து மெல்லிசாகத் தூவினாய். கோழிகள் கால் ஊன்றி நின்றன.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் உமியோடு சீலையை வெளியே இழுத்து, குப்பைக்குழியில் உதறி, கிணற்றடியில் கழுவினோம். சாரல் ஓய்ந்து அடித்த வெயிலில் ஒரு நாழி காய்ந்ததும் திரும்ப விரித்தாயிற்று. உன் மாமனார் வந்து கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"என்னத்தா, வாடையே காணோம்?"

சுவர் வெடிப்பை விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"சரி, கெடக்கட்டும். செல்லு தெரிஞ்சுச்சு, அப்புறம் சட்டிதான்."

அவர் தெருவுக்குப் போகும்வரை நின்றவள், அப்படியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாய். 

கோழிகள் தேறக் கொஞ்சம் நாளானது. பிறகு ஒரு காலையில் உமிக்குள் வெதுவெதுப்பாக முதல் முட்டை. தை பிறப்பதற்குள் உன் மகன், குமுளி வண்டி கிளம்பினால் பின்னாலேயே ஓடுகிறவனாகிவிட்டான்.

ஏழெட்டு வருஷம் கழித்து, இந்த மாசியில் நீ போனாய். நெஞ்சு அடைக்கிறது என்று படுத்தவள் மகனைத்தான் தேடினாய். களத்தில் ஓடி விளையாடுகிறான் என்றேன். "ஓடட்டும்" என்றாய். முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவை நினைத்துத்தான் நான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். இப்போது அவன் கம்பத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். சாயங்காலம் என் வீட்டில்தான் சாப்பாடு.

போன வாரம் என் மகளின் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. இத்தனை வருஷத்தில் நான் இவரிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"அவ படிக்கட்டும்ங்க. கம்பத்துல சேத்துவிடுங்க."

"பொட்டப்பிள்ள, தொணைக்கு யாரு இருக்கா?"

"அண்ணன்காரன் போறான்ல, அவன்கூடப் போகட்டும்" என்று உன் மகனைச் சொன்னேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், அன்று மெழுகுசீலைக்கு நீ நின்றதுபோலவே ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தேன்.