வியாழக்கிழமை ஊட்ட வேண்டிய முட்டை

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள மகன் அமலனுக்கு,

அப்பா எழுதுவது. நீ இப்போது எந்தக் கடலில் இருக்கிறாயோ, அங்கே அலை அடங்கி இருக்கட்டும். மற்றதையெல்லாம் படிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள். உன் மகள் ஜெமி நலமாக இருக்கிறாள். இதை எழுதும்போது என் காலடியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நீ குரலை உயர்த்தினால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. கல்லூரியில் வேதியியல் நடத்தியபோதும் அப்படித்தான். பையன்கள் சத்தம் போட்டால் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்துவிடுவேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன். மருமகள் ஏஞ்சலின் இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புவாள். உன் கப்பலுக்கு நெட் கிடைத்ததும் பார்ப்பாய். செவ்வாய்க்கிழமைக்குள் நீ பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை.

நடந்ததை நீ கிளைட்டன் வாயால் கேட்டிருக்கிறாய். நாங்கள் முந்திச் சொல்லியிருக்க வேண்டும், தள்ளிப்போட்டது தப்பு. கிளைட்டன் உன் சித்தி மகன், நல்ல பையன். ஆனால் பாதி கேட்டு முழுதாகச் சொல்கிறவன். துறைமுகத்தில் சரக்குக் கிளியரிங் வேலைக்கு அந்தக் குணம் உதவலாம், குடும்பத்துக்கு உதவாது. ஆகவே வரிசையாக எழுதுகிறேன்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்காக உன் அக்கா பின்கட்டில் முந்திரி மக்ரூன் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு அந்த அடுப்பை வைத்துத்தான் ஆக்னஸ் யாரிடமும் கை நீட்டாமல் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியாததல்ல. தட்டை ஆறவைத்துவிட்டு அவள் திரும்பிய நேரத்தில் ஜெமி ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். அவள் வாழ்க்கையில் சாப்பிட்ட முதல் முந்திரி அது. உதடு தடித்தது. உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்தது. பிறகு இருமல். நான் டாக்டர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன், எழுதி வைத்த இடம் நினைவுக்கு வரவில்லை. ஆக்னஸ் தேடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, மாடக்கண்ணுவின் ஆட்டோவை மறித்துவிட்டாள். ஹார்பர் ரோட்டில் லாரிகள் வரிசையாக நிற்க, அவன் தயங்கியிருக்கிறான். "ஏலே மாடக்கண்ணு, பிளாட்பாரத்துல ஏத்துலே! போலீஸ்காரன் கேட்டா நான் பதில் சொல்லுதேன்" என்று அவள் கத்தினது பின்னால் வந்த எனக்கே கேட்டது. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். பிள்ளைக்கு மூச்சு திரும்பிற்று. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நானும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அந்த டாக்டர் பெயர் லுப்னா. காயல்பட்டினத்துப் பெண். ஜெமிக்கு இருப்பதுபோல் தோலில் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு ஏன் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாமல் போகிறது என்ற ஆராய்ச்சியில் இருக்கிறார். பிள்ளையின் இரத்தம், படுக்கைத் தூசி, தேய்க்கிற எண்ணெய் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்கிறார்கள். எங்களிடமும் கேட்டார், கொடுத்தோம். போன புதன்கிழமை முடிவு சொல்லக் கூப்பிட்டிருந்தார். ஏஞ்சலின், நான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆக்னஸ், மூவரும் போனோம். கிளைட்டன்தான் காரில் கூட்டிப் போனான்.

முந்திரிக்கு ஜெமியின் உடம்பில் எதிர்ப்பு மிக அதிகம் என்றார். பிறகு, அவளுடைய பாயிலும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியிலும் முந்திரித் துகள் இருக்கிறது என்றார். எனக்கு விளங்கவில்லை. வாயில் படாத பொருளுக்கு உடம்பு எப்படிப் பகையாகும் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், உங்க ஊர் ஹார்பரையே எடுத்துக்குங்க. கேட் வழியா பில்லோட வந்தா அது சரக்கு. அதே பெட்டி சுவரேறிக் குதிச்சு வந்தா கடத்தல். விசில் ஊதிருவாங்கள்ல?" என்றார். வயிற்றின் வழியாகச் சின்ன வயதிலேயே போகிற உணவை உடம்பு பெரும்பாலும் பழகிக்கொள்கிறதாம். கரப்பானால் வெடித்த தோல் வழியாக அதே உணவு நுழைந்தால் அதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்கிறதாம். அதற்குப் பிறகு என்றைக்கு வாய் வழியாக வந்தாலும் சண்டைதான்.

அப்புறம் டாக்டர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டையும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் கேள்வி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது யார் என்பது. உனக்குத் தெரியும், ஜெமி சொறிந்துகொண்டு அழுதால் ஆக்னஸுக்குப் பொறுக்காது. முந்திரி அரைத்துக்கொண்டிருந்தாலும் முட்டை அடித்துக்கொண்டிருந்தாலும் கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஓடிவந்து தேய்ப்பாள். டாக்டர் கேட்டதும் எங்களுக்கு முன் அவளுக்குப் புரிந்துவிட்டது. "நாந்தான் டாக்டர்" என்றாள். கிளைட்டன் அதுவரை அறைக்குள் இருந்தான். அந்த நேரம் காரை எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் கூப்பிட, வெளியே போய்விட்டான். ஆகவே இரண்டாவது கேள்வி அவனுக்குத் தெரியாது.

பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தொடங்கின காலத்திலிருந்து முட்டையோ முந்திரியோ ஒரு துளிகூட வாயில் வைக்கக் கூடாது என்று வீட்டில் யார் சொன்னது என்று கேட்டார். கரப்பான் உள்ள பிள்ளைக்கு அதெல்லாம் ஆகாது என்று இங்கே எல்லாரும் நம்புகிறோம், நானும் நம்பினேன். ஆக்னஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியாதா? கப்பலிலிருந்து வந்த வீடியோ காலில் அந்தப் பேச்சு நடந்தபோது முட்டைக் கிண்ணத்தோடு நின்றவளே அவள்தான். கடைசியில் ஏஞ்சலின், "எல்லாரும் சேர்ந்துதான் டாக்டர்" என்றாள்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

அன்று சாயங்காலம் உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. எனக்கு அந்தப் போனில் சத்தத்தைக் குறைக்கத் தெரியாது. அடுக்களையில் வைத்து அழுத்திவிட்டேன். அடுப்பும் இந்த வீட்டில் இருக்கக் கூடாது, அக்காவும் இருக்கக் கூடாது, அவள் கையால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று, இனி தொடவே கூடாது என்று நீ சொன்னதை ஆக்னஸ் நின்று முழுவதும் கேட்டாள். அழவில்லை. "அவன் சொல்லுதது சரிதானப்பா. விடுங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் பிள்ளையைத் தொடவில்லை. ஜெமி கையைத் தூக்கிக்கொண்டு போனால் முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள். பிள்ளை இதை விளையாட்டு என்று முதலில் சிரித்தது. இப்போது சிரிப்பதில்லை.

நீ சொன்ன இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டேன். அடுப்பு கிளைட்டனின் பழைய குடோனுக்குப் போய்விட்டது. வீடு முழுக்கக் கழுவியாயிற்று. பாய், தலையணை, எண்ணெய் எல்லாம் புதிது. வேலை முடிந்தால் அங்கேயே குளித்து, சேலை மாற்றி வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு ஆக்னஸ் தலையாட்டினாள். அவசர ஊசி வீட்டில் இருக்கிறது. போடும் விதத்தை நான் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினேன். ஏஞ்சலினும் பழகினாள். முந்திரியை இனி டாக்டர் சொல்லும்வரை நினைக்கவே கூடாது.

இரண்டாவதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆக்னஸின் கைதான் காரணம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். இத்தனை பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால் இப்படித் தெரிகிறது, இந்த ஒரு பிள்ளைக்கு இதனால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். சந்தேகப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்; உப்புப் போட்டோமா என்பதையே இரண்டு முறை ருசி பார்க்கிறவன். ஆனால் நிச்சயமில்லாத ஒன்றுக்காக ஒரு பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பலாமா? நான் சொல்வது தப்பென்றால் நீ வந்து திருத்து. அதுவரை அவளைப் போகச் சொல்ல என்னால் ஆகாது.

ஆனால் அவளே கிளம்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் மணப்பாட்டுக்கு, நாத்தனார் வீட்டுக்கு. பெட்டி கட்டியாயிற்று. இரு என்று நான் சொன்னதற்கு, "நீங்க சொன்னா ஆச்சா? பிள்ளைக்குத் தகப்பன் சொல்லணும்லா" என்றாள்.

இப்போது வியாழக்கிழமை விஷயம். முட்டைக்கு ஜெமியின் உடம்பில் எதிர்ப்பு சிறிதாகத்தான் இருக்கிறதாம். இப்போதே, ஆஸ்பத்திரியில் வைத்து, டாக்டர் பக்கத்தில் நிற்க, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிப் பார்க்க வேண்டும். ஒத்துக்கொண்டால் அந்த ஒரு கதவாவது அடைபடாமல் இருக்கும். தள்ளிப்போட்டால் அதுவும் முந்திரி வழியில் போகலாம் என்கிறார். பயம் எனக்கும் உண்டு. பிள்ளை அழுது இருமினால் அது அழுகையா, ஒவ்வாமையா என்று தெரியாமல் நிறுத்திவிட வேண்டிவருமாம். அதனால் யாரிடம் அமைதியாக வாய் திறக்கிறாளோ அவர்தான் ஊட்ட வேண்டும் என்றார். நேற்று ஏஞ்சலின் ஊட்டிய ஒரு வாய் பருப்புச் சோற்றுக்கே ஜெமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறந்த நாளிலிருந்து அவள் யாரிடம் சாப்பிட்டாள் என்பது உனக்குத் தெரியும்.

நான் கேட்டுப் பார்த்தேன். ஆக்னஸ் கையைக் கழுவப் போனாள். இந்த நாலு நாளாக அவள் கழுவிக்கொண்டே இருக்கிறாள். விரல் நுனியெல்லாம் வெளிறி, தோல் உரிந்துவிட்டது.

மகனே, உன்னை எதற்காகவும் நான் வற்புறுத்தினதில்லை. சரியா தப்பா என்று யோசித்து முடிப்பதற்குள் நீ முடிவெடுத்துவிடுவாய், நானும் நிம்மதியாக ஒதுங்கிக்கொள்வேன். இந்த முறை ஒதுங்க வழியில்லை. இதைப் படித்ததும் எனக்கோ ஏஞ்சலினுக்கோ போன் போடாதே. உன் அக்காவுக்குப் போடு. மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். உங்கள் இருவருக்கும் அதெல்லாம் பேசி வழக்கமில்லை. வியாழக்கிழமை ஜெமிக்கு முட்டையை நீயே ஊட்டிவிடு அக்கா என்று மட்டும் சொல். அதைக் கேட்டால் அவள் பெட்டியைப் பிரித்துவிடுவாள்.

மாதா உன்னையும், உன்னோடு இருக்கிற எல்லாரையும் கரை சேர்க்கட்டும். உன் பிள்ளைக்காக இங்கே விழித்திருக்கிறவர்கள் எல்லார் மேலும் அவள் கண் இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை பஸ் காலையிலேயே கிளம்பிவிடும்.

உன் அன்பான அப்பா,
சிலுவை