கரடிக்கும் உங்களுக்கும் நடுவில்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடுங்கள். கேமரா பையைத் தேட வேண்டாம். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், சாவி என்னிடம்.

போன வாரம் காட்டில் நீங்கள் எடுத்த கரடிப் படத்தை நேற்று கேமரா கடைக்காரரிடம் காட்டினேன். "இந்தச் சின்ன லென்ஸ்ல இவ்வளவு பெருசா விழுந்திருக்குன்னா, அண்ணன் ரொம்பக் கிட்டத்துல நின்னிருக்காருக்கா" என்றார். தூரத்திலிருந்து எடுத்ததாகத்தானே என்னிடம் சொன்னீர்கள்?

புது கேமரா பாடி இப்போது வேண்டாம். பழையதே நன்றாக உழைக்கும் என்று அவரும் சொல்கிறார். அதற்கு வைத்திருந்த பணத்தில் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் நீளமான டெலிபோட்டோ லென்ஸ் வாங்கத்தான் கிளம்புகிறேன். "அது கனம், தூக்கிட்டு நடக்க முடியாது" என்று மறுபடி ஆரம்பிக்காதீர்கள். கனமாகவே இருக்கட்டும். எட்ட நின்று எடுங்கள்.

கோபித்துக்கொண்டு போனதாக நினைக்க வேண்டாம். பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பி.கு: காலையில் சின்னவளும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். "அது அப்பாவைத்தானே பாக்குதும்மா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீங்களே பதில் சொல்லுங்கள்.