தாழ்ப்பாள் கட்சி ஆட்சிக்கு வந்த கதை

அன்புள்ள அக்கா,

தேவதானத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. வாக்குப்பதிவு தொடங்க இன்னும் நேரம் இருந்தது. மெழுகுவத்தியைக் கொளுத்தி அரக்கை அதில் காட்டினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி காரணமில்லாமல் சிரிக்கலாமா? உடனிருந்த அலுவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "ராத்திரி தூக்கமில்ல, அதான்" என்று சமாளித்தேன். உண்மையில் நீங்கள்தான் வந்து நின்றீர்கள், ஒரு கையில் அரக்கும் மறு கையில் பிஸ்கட் டின்னுமாக.

நீங்கள் போன பிறகு வந்த முதல் தேர்தல் இது. செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு எனக்குக் கிறுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருக்க மாட்டீர்கள். ஆனால் நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நாம் இருவரும் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வந்த காலத்தை நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் சமூக அறிவியல், நான் கணக்கு. யார் முதலில் ஏறினாலும் பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடிக்க வேண்டும் என்பது நம் சட்டம். யாராவது பையை நகர்த்தச் சொன்னால், "இது ரிசர்வ் தொகுதி" என்பீர்கள். தேர்தல் நேரமானால் பஸ்ஸே உங்களைச் சுற்றிக்கொள்ளும். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்காத ஆள் கிடையாது. நீங்கள் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, "அது மறைப்புக்குள்ள நடந்த சங்கதி" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவீர்கள். "எங்க வீட்டுக்காரரு கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்காரு. அவருக்கே சொல்லல, ஒங்களுக்கா சொல்லப்போறேன்?" என்று ஒரு முறை நடத்துநரிடம் கேட்டீர்கள். பாவம், அவர் டிக்கெட் கேட்கத்தான் வந்திருந்தார்.

அப்படிப்பட்ட ஆளிடம் ஒன்பதாம் வகுப்புக் குடிமையியல் பாடம் சிக்கினால் என்ன ஆகும்? தேர்தலும் அரசியல் கட்சிகளும் என்று பாடம். கட்சி என்றால் என்ன என்று நீங்கள் கேட்டதற்கு, கார்த்திக் என்கிற பையன் எழுந்து, "கொடி, மைக்செட்டு, பிரியாணி டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. "பாதி சரி. மிச்சத்தை நடத்திப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுவோம்" என்றீர்கள். அன்றைக்கே தலைமையாசிரியர் அறைக்குப் போய், வகுப்புத் தேர்தலில் ஆட்சிக்கு வருகிற கட்சியின் ஒரு வாக்குறுதியை அவர் நிறைவேற்ற வேண்டும் என்று வாக்கும் வாங்கிவிட்டீர்கள். பிள்ளைகள் பந்தும் மட்டையும் கேட்பார்கள் என்று நினைத்து அந்த மனுஷர் தலையாட்டிவிட்டார்.

மூன்று கட்சி முளைத்தது. கார்த்திக்கின் கட்சி அருவிக் கட்சி. ஜெயித்தால் அய்யனார் கோவில் அருவிக்குச் சுற்றுலா. இரண்டாவது வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகளின் கட்சி. இசக்கிராஜ் தலைவன். சாயங்காலம் பஸ்ஸைத் தவறவிடாமல் வீடு போய்ச் சேர வேண்டும், அதைத் தவிர அவர்களுக்கு வேறு கொள்கையே இல்லை. மூன்றாவது முத்துமாரியின் கட்சி. பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். அவ்வளவுதான் தேர்தல் அறிக்கை.

அதைக் கேட்டு ஆண் பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பயந்து பாதிப் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காது. தலைமையாசிரியரிடம் தாழ்ப்பாள் கேட்டு நீங்கள் அலுத்துப் போயிருந்தீர்கள். கேட்கும்போதெல்லாம் "நிதி வரட்டும் டீச்சர்" என்பதுதான் பதில். முத்துமாரி தோற்றால் அந்தக் கதவு அப்படியேதான் இருக்கும் என்று நம் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தீர்கள். எனக்கு அதில் உங்கள் மேல் கோபம்தான்.

பிரச்சாரம் சூடு பிடித்தது. கார்த்திக்கின் மாமா பால்கோவாக் கடை வைத்திருந்தார். அருவிக் கட்சிக்காரர்கள் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். என்னைப் பறக்கும் படையாக நியமித்தீர்கள். நானும் பறந்து போய்ப் பறிமுதல் செய்து ஆசிரியர் அறை மேசையில் வைத்தேன். மதியம் விசாரணை. பொட்டலத்தை எடுத்து வரச் சொன்னால் வெறும் காகிதம்தான் இருந்தது. முத்துமாரி எழுந்து, "டீச்சர், பிடிச்ச பொருளைத் தின்னவுகளுக்கு என்ன தண்டனை?" என்று கேட்டாள். உங்கள் வாயோரத்தில் பால்கோவா ஒட்டியிருந்தது. "சட்டத்துல அதுக்கு எடமில்ல, உக்காரு" என்றீர்கள்.

தேர்தல் நாளன்று நீங்கள் செய்த காரியத்தை வாத்தியார்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். வருஷக்கணக்காகத் தேர்தல் பணிக்குப் போய்ப் போய் நமக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. வகுப்புத் தேர்தல்தானே என்று விட முடியவில்லை. காலையில் முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்தியே தீருவேன் என்றீர்கள். வாக்குப்பெட்டி என்று வைத்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டி, காலி என்று நிரூபித்தீர்கள். ஆசிரியர்களெல்லாம் வரிசையில் நின்று மாதிரி ஓட்டுப் போட்டோம். பிறகு தேர்தலின் புனிதம் பற்றி ஒரு உரை ஆற்றினீர்கள். உரை முடிந்த வேகத்தில் மூடியைச் சாத்தி, நூல் சுற்றி, நான் மெழுகுவத்தி பிடிக்க, அரக்கு வைத்து முத்திரையும் குத்தினீர்கள். போட்ட மாதிரி ஓட்டு அத்தனையும் உள்ளேயே இருந்தது.

எண்ணும்போது அருவிக் கட்சி அமோக வெற்றி. கார்த்திக்கைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அப்போதுதான் முத்துமாரி சீட்டுகளை மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டீச்சர், நம்ம கிளாஸ்ல இம்புட்டுப் பேரு கெடையாதே?"

உங்கள் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தலைமையாசிரியர் ஓடி வந்தார். கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும். கொஞ்ச நேரம் அதில் பொரிந்துவிட்டுத் தமிழுக்கு வந்து, "பிள்ளைக வெளயாட்டு, இதைப் போயி பெருசாக்காதீங்க. ஜெயிச்சவன் ஜெயிச்சுட்டான், அருவிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். மாதிரி வாக்கில் மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் அருவிக்கே குத்தியிருந்ததை அப்போதுதான் ஒத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் குளிக்க ஆசை.

மறுநாள் காலை வழிபாட்டில் நீங்கள் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றீர்கள். பள்ளிக்கூடமே உங்களைக் கண்டால் நடுங்கும். "தப்பு எம் மேலதான். பெட்டியைக் காலி பண்ணாம மூடிட்டேன். மறுவாக்குப்பதிவு நடக்கும்" என்றீர்கள். பின் வரிசையில் ஒரு பையன் கைதட்டினான். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் பிள்ளைகள் விழித்தார்கள். எனக்கு அன்றைக்கு உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அதை நான் சொல்லியிருக்க வேண்டும், பஸ்ஸில் பால்கோவாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுவாக்குப்பதிவில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அருவிக் கட்சி கொஞ்சம் முன்னால், தாழ்ப்பாள் அதை ஒட்டிப் பின்னால். நடுவில் இசக்கிராஜ், புது மாப்பிள்ளை மாதிரி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். கார்த்திக் அவனிடம் போய், சுற்றுலா பஸ்ஸில் வத்திராயிருப்புக்காரர்கள் எல்லாருக்கும் ஜன்னலோரம் என்றான். இசக்கிராஜ் யோசித்தான். "அது ஒரு நாளு சொகம். எங்கள்ல ஒருத்தனுக்குத் தெனமும் பஸ்ஸு போவுதே" என்றான்.

முத்துமாரி அவன் பெஞ்சுக்கு நகர்ந்து வந்தாள். பிறகு கேட்டாள்: "நீங்க ஏன் பஸ்ஸை விடுதீய?"

"கிளாஸ் கூட்டுற மொறை வர்ற அன்னைக்கு. கூட்டி முடிச்சு ஓடுததுக்குள்ள டிரைவர் பஸ்ஸை எடுத்துருதான்."

"அந்த மொறையை எங்க கட்சி எடுத்துக்கிடுதோம். மணி அடிச்ச ஒடனே நீங்க கெளம்புங்க. எங்க தாப்பாளுக்குக் கை தூக்குங்க."

நீங்கள் என் கையைக் கிள்ளினீர்கள், வலிக்கிற மாதிரி. "பாத்தியா? ஹெட்மாஸ்டர் தர வேண்டியதை அவ வாக்குக் குடுக்கல. தன் கையில இருக்கறதைக் குடுக்கா" என்று காதில் சொன்னீர்கள். கூட்டணி ஆட்சி அமைந்தது. கார்த்திக் எதிர்க்கட்சித் தலைவர்.

அந்தப் பயல்தான் உண்மையில் தாழ்ப்பாளைக் கொண்டுவந்தவன். இந்த ஆட்சி வாக்குறுதியை முடித்தால்தான் அடுத்த தேர்தல் வரும், அடுத்த தேர்தல் வந்தால்தான் அருவி என்று கணக்குப் போட்டு, தலைமையாசிரியர் அறை வாசலில் தினமும் போய் நின்றான். "தாப்பாள் என்ன சார் ஆச்சு?" அவர் தாங்க முடியாமல் ஆசாரியை வரவழைத்தார். ஆசாரி தாழ்ப்பாளைக் கதவின் வெளிப்பக்கம் வைத்துவிட்டுப் போனார். கார்த்திக் தன் கட்சியோடு வெளிநடப்புச் செய்து வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தான். கணக்கு வகுப்புக்கு வராமல் இருக்க அதுவும் ஒரு வழி. ஆசாரி திரும்பி வந்து உள்பக்கம் மாற்றி வைத்தார். முத்துமாரி முதல் ஆளாக உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே யாரும் கதவைப் பிடிக்கவில்லை. நீங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பினாயில் நெடி என்றீர்கள்.

இப்போது தேவதானத்துக்கு வருகிறேன். மாதிரி வாக்குப்பதிவு முடிந்தது. நான் சிரித்துச் சமாளித்துவிட்டு அரக்கை உருக்கிக்கொண்டிருந்தேன். முகவர்கள் இருந்த பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"அரக்கு பொறவு வைக்கலாம் டீச்சர். மொதல்ல மாதிரி ஓட்டை அழிச்சுட்டுக் காட்டுங்க."

முத்துமாரி! தேவதானத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். எந்தக் கட்சியின் முகவர் என்று உங்களுக்கு எழுதக்கூட மாட்டேன். என்னைத் தெரிந்தும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அழித்தேன். இயந்திரம் சுழியம் காட்டியது. கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகுதான், "நல்லாருக்கீயளா டீச்சர்?" என்றாள். நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"அவிய யாருக்குப் போட்டாவன்னு கடேசி வரைக்கும் சொல்லலியா?"

"சொல்லல. உன்னுது தெரிஞ்சதுதானே, சேலையில வேட்பாளர் பேரையே குத்திட்டு உக்காந்திருக்க."

முத்துமாரி ஒரு பார்வை பார்த்தாள். "ஏஜெண்டுன்னா அந்தக் கட்சிக்குத்தான் போடணும்னு எந்தச் சட்டத்துல டீச்சர் இருக்கு?"

அக்கா, இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். எத்தனையோ நாளாகியும் கை பழக்கத்தை விடவில்லை, பக்கத்து இருக்கையில் பையை வைத்தேன். ஒரு பெண் வந்து, "இங்க ஆளு வருதாவளா?" என்று கேட்டாள். ரிசர்வ் தொகுதி என்று சொல்ல வாய் வரவில்லை. "வரல, உக்காருங்க" என்று பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

தேவதானத்திலேயே பணிச் சான்றிதழைக் காட்டி நானும் ஓட்டுப் போட்டிருந்தேன்; விரலில் இருந்த அந்த மையை அவள் பார்த்தாள். "நீங்க யாருக்குப் போட்டீய?"

நான் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டேன். "அது மறைப்புக்குள்ள நடந்த சங்கதி" என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.