ஊரில் இல்லாத அம்மா

அடியே மகளே,

நீ தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதால் இதை எழுதிக் கதவடியில் தள்ளுகிறேன்.

நானும் உன் கல்லூரியில் முதலாண்டு உயிரியலில் சேர்ந்தது உன்னை வேவு பார்ப்பதற்காக அல்ல. பி.காம். முடித்துக் கணக்கு எழுதியே சலித்துவிட்டது. அல்சூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போக முடிகிற கல்லூரியும் அதுதான். வகுப்பில் அம்மா என்று காட்டிக்கொள்ளாதே என்றாய், ஒப்புக்கொண்டேன். அதற்காக நீ வகுப்புக்கே வராமல் இருப்பதா?

இன்று மமதா மேடம் உன்னைப் பிடித்துக்கொண்டார். "அட்டெண்டன்ஸ் இல்லாம பரீட்சைக்கு விட மாட்டேன். திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வா."

நீ கூசாமல், "அம்மா ஊர்ல இல்ல மேம்" என்றாய். நான் பக்கத்து மேசையில் மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! மேடம் என் பக்கம் திரும்பி, "நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்க" என்றார். "சரி மேம்" என்றேன், முட்டாள் மாதிரி.

சொல்கிறேன், கேள். நான் படிப்பை விடப்போவதில்லை. உன்னை ஒரு வருடம் இழக்கவும் விடமாட்டேன். திங்கட்கிழமை எழுந்து போய், இவள் அம்மா நான்தான் என்று சொல்லப்போகிறேன். வகுப்பு சிரிக்கும். சிரித்து முடித்ததும் பாடம் நடக்கும்; அப்போது நீ உள்ளே இருக்க வேண்டும்.

உன் அம்மா