பதினாறாம் நம்பர் கறுப்புக் கண்ணாடி

11 மே, திங்கள்

விடிய மழை. ஒன்பதுக்கு விட்டது. கேகாலை பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சேறு. செருப்பு வார் பாதி அறுந்து இழுபடுகிறது.

ஸ்டூடியோ வேலை: ட்ரோன் பட்டரி மூன்றும் சார்ஜ். இறக்கை இரண்டு மாற்ற. சனிக்கிழமை கல்யாணத்துக்கு லென்ஸில் மாட்டும் கறுப்புக் கண்ணாடிகள் துடைக்க: 4, 8, 16, 32 (நம்பர் கூடக் கூடக் கறுப்பு). எட்டில் கீறல். யார் நகம் என்று தேடினேன். என் நகம்தான்.

மணப்பெண்ணின் அப்பா வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி எதற்கு என்று கேட்டார். நூறாவது தடவையாகச் சொன்னேன். வெயிலில் கண்ணாடி இல்லாவிட்டால் கமரா படபடவென்று கண் சிமிட்டும், நடப்பவர்கள் வெட்டி வெட்டி நடப்பார்கள். கண்ணாடி மாட்டினால் மெதுவாகச் சிமிட்டும், ஓர் அசைவு அடுத்ததோடு கலந்து வழுக்கிக்கொண்டு போகும். அவர் கேட்டது: "அப்ப மகள் நல்லா நடப்பாளா?" நடப்பாள் என்றேன்.

சு.மு. (சுனில் முதலாளி) வழக்கம்போல, சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு, "நங்கி, ஸ்மூத், ஸ்மூத்." ஆறு வருஷமாக இதே பாட்டு.

மத்தியானம் அக்கா போன். கரவனெல்லைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். நானும் அந்தத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில் பிறந்தவள்தான்.

"கலா, லயத்துக்கு மேல மரத்துக்குள்ள நெலம் வெடிச்சிருக்குடி. நாலு வெரல் உள்ள போகுது. தோட்டத்துத் தொரைகிட்ட சொன்னா அது பழைய கானுங்குறாரு."

"கான்னா தண்ணி ஓடணுமே?"

"அதத்தான நானும் கேட்டேன். வெள்ளிக்கிழம மண்சரிவு பாக்குற ஆளுங்க வர்றாங்களாம். மழையில மேல ஏற மாட்டாங்களாம். படம் இருந்தா காட்டுங்கன்னாங்க. எம் போன்ல எடுத்தா முழு நீளமும் வரல. நீ அந்தப் பறக்குறத கொண்டாயேன்."

லயத்தில் பதினொரு குடும்பம். விரிசல் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் உடனே இறக்கி வேறு இடம் பார்ப்பார்கள். பழைய வடிகால், கான் என்றால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். பெரிய மழை வரப் பத்து நாள் இருக்குமா?

12 மே, செவ்வாய்

வெயில், புழுக்கம். மொட்டை மாடியில் 16 மாட்டிச் சோதித்தேன். எதிர்க்கடைக் கொடியில் காயும் லுங்கிச் சாரம் பட்டுப்போல அசைந்தது. சு.மு.வுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே புதன் அரை நாள் லீவும் ட்ரோனும் கேட்டேன். கொடுத்தார். "உடைச்சா நீதான் வாங்கணும்." கல்யாண வீட்டில் உடைந்தால் மட்டும் கடவுள் செயல்.

பறக்கவிட அனுமதி: தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர், பத்து முதல் பதினொன்று வரை. ஒரு மணி நேரம். மலையே அவர் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி.

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வாங்க மறந்தேன்.

13 மே, புதன்

மேகம். ஐந்தரை பஸ். தோட்டத்து வளைவில் இறங்கி இரண்டு மைல் ஏற்றம், முதுகில் பெட்டி. முப்பத்தாறு வயதில் இப்படி மூச்சு வாங்குகிறது. அக்கா நாற்பத்தொன்றில் பால் வாளியோடு ஏறுகிறாள்.

மேலிருந்து பார்த்தால் இலை மட்டும்தான். தாழ்வாக, மர வரிசைக்குள் விட்டேன். ஆள் உயரம். இரண்டு தடவை கிளையில் உரசப் பார்த்தது. அக்கா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள்.

விரிசலைக் கண்ணால் பார்த்தேன். மேட்டுக்குக் குறுக்கே, ஐம்பது அடிக்குக் குறையாது. இரண்டு மரத்தின் வேர் நடுவில் இழுபட்டு நிற்கிறது. கான் இல்லை. கான் என்றால் வேர் இழுபடாது.

போன் திரையில் அக்காவுக்குக் காட்டினேன்.

"ஆத்தாடி, வழுவழுன்னு போகுதே. கல்யாண வீடு மாதிரி இருக்கு."

எனக்குப் பெருமை. எழுதவே கூசுகிறது. பெருமைதான்.

மரவள்ளிக்கிழங்கு, கட்டச் சம்பல். மச்சான் (அக்கா புருஷன்) கோழிக்கூடு கட்டியிருக்கிறார், பதினாலு கோழி. நிலம் வெடித்த பேச்சை எடுத்தாலே எழுந்து கூட்டைத் துடைக்கப் போகிறார்.

14 மே, வியாழன்

மழை, விடாமல்.

காலையில் கம்ப்யூட்டரில் போட்டேன். ஓடும்போது அழகு. நிறுத்தினால் கஞ்சி. இலை, மண், வேர், விரிசல் எல்லாம் ஒன்றாகக் கரைத்த கஞ்சி. நாற்பது இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஓரிடத்திலும் ஒரு விளிம்பு கிடையாது.

16 கழற்றவில்லை. செவ்வாய் மாடியில் மாட்டியது, அப்படியே போயிருக்கிறது.

பெப்ரவரியில் அதே தோட்டத்தில் ஒரு ஹோட்டலுக்காக 16 போட்டுத்தான் எடுத்தேன். அப்போது ரப்பர் இலை கொட்டி மரமெல்லாம் குச்சி, தரை வரை வெயில். அளவாக இருந்தது. இப்போது புது இலை மூடி, அதற்கு மேல் மேகமும் மூடி, உள்ளே பாதி இருட்டு, கமரா இன்னும் மெதுவாகச் சிமிட்டி எல்லாவற்றையும் கலந்துவிட்டது. அந்த மரத்தடியில் வளர்ந்தவள் நான். இலை எந்த மாதம் விழும், எந்த மாதம் மூடும் என்று எனக்கா தெரியாது? கை பழக்கத்தில் போனது, தலை கூடப் போகவில்லை.

அக்காவிடம் சொன்னேன்.

"சரி விடு. நாளைக்கி வா."

"நாளைக்கும் மழைன்னா?"

"மழைய நான் பாத்துக்குறேன், நீ அந்தக் கண்ணாடியக் கழட்டிட்டு வா."

திட்டியிருந்தால் தேவலை. சு.மு.விடம் மறுபடி லீவு. முகத்தைத் தூக்கிக்கொண்டார். பல் வலியோடு படுக்கை.

15 மே, வெள்ளி

விடியும்போது மழை இல்லை, வானம் மட்டும் கறுப்பு. பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதல் வேலை, 16ஐக் கழற்றி டப்பாவில் போட்டு, டப்பாவைப் பையின் அடியில் போட்டேன். கரவனெல்லை வரும் வரை மூன்று தடவை லென்ஸைத் தொட்டுப் பார்த்தேன்.

அதிகாரிகள் இரண்டு பேர் பதினொன்றுக்கு. ஒருவர் பேசவே இல்லை. மற்றவர் சின்ன வயது அம்மா, சிங்களம், கொஞ்சம் தமிழ். வரும்போதே தூறல். "ஒருத்தரும் மேல போக வேண்டாம்," என்றார் அந்த அம்மா. பெரிய கிளாக்கரும் குடையோடு வந்து நின்றார்.

அரை மணியில் தூறல் நின்றது. ட்ரோனை விட்டேன். கண்ணாடி இல்லாமல் படம் துள்ளியது, இலையெல்லாம் வெட்டி வெட்டி நடுங்கியது. சு.மு. பார்த்தால் மயங்கி விழுவார்.

மர வரிசைக்குள் திரும்பியதும் திரையில் வெள்ளையாக ஒரு கோடு. ஐம்பது அடிக்கும். எனக்கே புரியவில்லை.

அக்கா மெதுவாகச் சொன்னாள். "வெடிப்பு வந்தா தண்ணி எறங்கவிடக் கூடாதுன்னு போன மாசம் மண்சரிவு கூட்டத்துல சொல்லியிருந்தாங்கள்ல. காலையில வெட்டுன பால பால் வெட்டுற நாங்க நாலு பேரும் தூக்கிட்டுப் போனோம். இலைய வச்சி அடைச்சி, மேல பால ஊத்தி, அசிட் தெளிச்சி உறைய விட்டோம்."

பெரிய கிளாக்கர்: "தோட்டத்துப் பாலையா மண்ணுல ஊத்துனீங்க?"

ஊற்றியாயிற்று.

அதிகாரியம்மா படத்தை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. கோட்டின் நடுவில் இரண்டு முழம், பால் தோல் இழுபட்டு மெலிந்து, உள்ளே அடைத்த இலை தெரிகிற அளவுக்கு. இரண்டு பக்கமும் தடிப்பு, நடுவில் மட்டும் அப்படி.

"பால் எத்தனை மணி ஊத்தினது?"

"ஏழு மணிக்குங்க மிஸ்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நாலரை மணித்தியாலம் என்பது மட்டும் காதில் விழுந்தது.

பெரிய கிளாக்கர், "அது பழைய கான்தான் மிஸ்," என்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள். "பழைய கான் அகண்டுபோயி பால இழுக்குங்களா ஐயா?"

இன்றைக்கே இறங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். பதினொரு குடும்பமும் பள்ளிக்கூடத்துக்கு. அக்கா எடுத்தது: அடுப்பு, பாய் மூன்று, பிள்ளைகளின் புத்தகம், சாமி படம். கோழிகளைப் பள்ளிக்கூடத்தில் விடமாட்டோம் என்றார்களாம். மச்சான் கூட்டுக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றார்.

கேகாலை வந்ததும் சாப்பிடாமல் தூங்கினேன்.

16 மே, சனி

பளீர் வெயில். நேற்று எங்கே போயிருந்தது இந்த வெயில்.

கல்யாணம். 16 மாட்டினேன். மணமகள் வெண்ணெயில் நடந்தாள். அப்பாக்காரர் கண் கலங்கினார். சோறு நன்றாக இருந்தது, எனக்குத்தான் பல்.

மூன்று மணிக்கு அக்கா போன். பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் ஒன்று, ஆள் நாற்பத்தெட்டு. வெயில் அடித்ததும் எல்லோரும் முணுமுணுப்பாம். ஒரு விரிசலுக்கு இவ்வளவு கூத்தா என்று. நாளை மத்தியானம் லயத்துக்கே திரும்பிவிடப் பேச்சு. மச்சான்தான் முதல் ஆள். அக்காவும் மூட்டை கட்டிவிட்டாளாம்.

"நீயுமாக்கா?"

"நான் மட்டும் இருந்து என்னடி பண்றது? மலை விழலைன்னா நான் பொய் சொன்னேம்பாங்க. விழுந்தா வீடு போச்சு. எதக் கும்பிடுறதுன்னே தெரியல கலா."

அதிகாரியம்மாவுக்குப் போன் போட்டேன். மேலே யாரும் ஏறக் கூடாது, நாளை ஒரு படம் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன் என்றார். சு.மு.விடம் கேட்காமலே ட்ரோனை எடுத்து வந்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். இல்லை, போகக் கூடாது. வாடகை இருக்கிறது.

17 மே, ஞாயிறு

மழை இல்லை. காற்றும் இல்லை. பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்து மைதானம். அங்கிருந்தே விட்டேன். கண்ணாடி இல்லை, இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாயிற்று.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். மச்சான் தோளில் கோழித் தீனிப் பை, கிளம்புகிற கோலம். படம் துள்ளித் துள்ளிப் போனது. யாரோ, "என்னம்மா இது, புதன்கிழம நல்லா வழுவழுன்னு இருந்துச்சே," என்றார்கள்.

வெள்ளைக் கோடு வந்தது. நடுவில் நிறுத்தினேன்.

பால் தோல் அறுந்திருந்தது. இரண்டு விளிம்பும் சுருண்டு, இடையில் கறுப்பாகப் பள்ளம். மேல்பக்கத்து விளிம்பும் கீழ்ப்பக்கத்து விளிம்பும் ஒரே மட்டத்தில் இல்லை. கீழ்ப்பக்கம் ஒரு சாண் இறங்கியிருந்தது.

படத்தை அதிகாரியம்மாவுக்கு அனுப்பிவிட்டுப் போனை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மச்சானுக்குக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தீனிப் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

அக்கா வகுப்பறைக்குள் போனாள். கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்துப் பாயை விரித்தாள்.