ஓடையின் குறுக்கே ஓர் அறை

திருவண்ணாமலை
9.8.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

வள்ளி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை பூனாவில் இன்னும் பன்னும் டீயும்தானா?

இங்கே சோறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. கிணறெல்லாம் வறண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை லாரித் தண்ணீர். நேற்று வரிசையில் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளின் மண்டையை ஒருத்தி குடத்தாலேயே உடைத்துவிட்டாள். உங்கள் தங்கையும் சும்மா இல்லை. இன்னொருத்தியின் தலைமுடி கொத்தாக என் கையோடு வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது.

லாரி மெக்கானிக் சர்தார் பாய்தான் வழி சொன்னார். மலையிலிருந்து ஏரிக்குப் போகும் ஓடை தூர்ந்து கிடக்கிறது. அதைத் திறந்தால் ஏரி நிறையும், கிணறுகளும் ஊறும். ஞாயிறுதோறும் முப்பது பேர் வெட்டுகிறோம். இனி மறிப்பது ஒன்றுதான், ஓடையின் குறுக்கே நீங்கள் கட்டிய பின்னறை. இடிக்கச் சம்மதம் எழுதுங்கள்.

உங்கள் வள்ளி

பூனா
24.8.1983

அன்புத் தங்கை வள்ளிக்கு,

அண்ணனின் ஆசி. தீபாவளிக்குப் புடவை எடுத்துவிட்டேன். மாம்பழ நிறம், உனக்கு எடுப்பாக இருக்கும்.

பதினோரு வருஷம் மெஷின் முன்னால் நின்று கட்டிய அறை அது. எவனோ மெக்கானிக் பேச்சைக் கேட்டு என்னிடமே இடிக்கக் கேட்கிறாயே, உன் புத்தி எங்கே போயிற்று? பெரியப்பா மகன் ராஜேந்திரனிடம் சொல்லிவிட்டேன். சர்தாருக்குக் கடப்பாரையால் நாலு போட்டால் மற்றவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அன்று நீ வெளியே வராதே.

பிரியமுள்ள
சக்கரவர்த்தி

திருவண்ணாமலை
19.9.1983

அண்ணனுக்கு,

நீங்கள் சொன்ன நாலு அடியும் விழுந்தது. பதினோராம் தேதி பட்டப்பகலில் ராஜேந்திரன் மூன்று பேரோடு வந்தான். சர்தார் பாயின் கை இரண்டு இடத்தில் ஒடிந்தது, காது கிழிந்து தொங்கியது. அவர் மேலே விழுந்து மறைத்தேன். என் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. யாரும் ஓடவில்லை, அண்ணா. எங்களோடு வெட்டும் கோதண்டராமன் எறிந்த கல்லில் ராஜேந்திரனின் பல் உதிர்ந்தது. நாங்கள் வெட்டிய பள்ளத்திலேயே அவனைப் போட்டு மூடுவதற்கு இழுத்துப்போனார்கள். நானும் ஒரு காலைப் பிடித்து இழுத்தேன்.

சர்தார் பாய் ரத்தத்தில் கிடந்தபடியே சொன்னார். "அவன உட்டுடுங்க. இது தண்ணிக்கு வெட்டின பள்ளம்."

விட்டுவிட்டோம். அந்த வெறியோடு எல்லாரும் உங்கள் அறையை இடித்தோம். வியாழக்கிழமை மழை கொட்டியது. அறை இருந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் ஏரிக்குப் போனதைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். நேற்று அறுபது பேர் வந்தார்கள். குடத்தால் அடித்தவளும் பச்சையம்மாளும் ஒரே கூடையில் மண் சுமந்தார்கள். இந்த ஊர் பிழைத்துக்கொள்ளும்.

போலீஸ் பிடித்துப்போன ராஜேந்திரன் ஸ்டேஷனில் தன்னை யாரும் அனுப்பவில்லை என்று சாதித்தான். உங்கள் கடிதத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இது உங்கள் அண்ணன் கையெழுத்துதானா என்று கேட்டார்கள். ஆமாம், எனக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த கை என்றேன்.

வள்ளி