முந்தே ஹோகி

18.8.98, செவ்வாய் இரவு

பக்கவாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குப் பேச்சில்லை. தண்ணீருக்கும் கையைத்தான் காட்டுவார். போன வருஷம் செத்துப்போன எங்கள் மகள் மல்லியின் பெயரைச் சொல்ல இனி நான் ஒருத்திதான் என்று இருந்தேன்.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போக சிவாஜிநகரில் பஸ் ஏறினோம். விசில் கேட்டதும், "முந்தே ஹோகி, முந்தே ஹோகி!" என்று கணீரென்று கூவினார். இவர் பார்த்த கண்டக்டர் வேலையில், முன்னால் போகச் சொல்லிக் கன்னடத்தில் காலமெல்லாம் கூவியது.

"யாருப்பா அது, என் வேலைக்கு வேட்டு வைக்கிறது?" என்று பஸ் கண்டக்டர் சிரித்தான்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "நாக்கை ஆட்டுற இடம் மூளையில நல்லாத்தாம்மா இருக்கு. வார்த்தையை எடுத்துக் குடுக்கிற இடம்தான் அடிபட்டிருக்கு. பழகின கூவலுன்னா, நாக்கை ஆட்டுற இடம் மூளையில வேற இடத்தோட கூட்டு சேர்ந்துக்கும்" என்றார்.

ஒரு தலைக்குள் இப்படியெல்லாம் ஆள் மாற்றி வேலை நடக்கிறதா!

வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கிற மல்லியை இவர் அப்படிக் கூவித்தான் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போவார். அதே மாதிரி அவர் முதுகில் கை வைத்து, "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கூவிவிட்டு, மீதியை அவர் சொல்லட்டும் என்று நிறுத்தினேன்.

"மல்லிம்மா, முந்தே ஹோகி!" என்றார்.

மல்லி பெயரைச் சொல்ல இப்போது வீட்டில் இரண்டு பேர்.